கியர்ப்பெட்டி போய்விட்டது என்றால், எதைச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள்!

(தோட்டக் கிளையின் ஞாயிறு வகுப்பில் கிளைச் செயலாளரான கிராணி நிகழ்த்திய உரை)

   

சென்ற மாதம் இதே மண்டபத்தில் சேமநிதிக் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி என்று பேசினோம். இந்த மாதம் ஆட்டோமெட்டிக் காரின் கியர்ப்பெட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டபோது, "கிராணியார் வேலையை விட்டுவிட்டுப் பட்டறை திறக்கப் போகிறாரோ?" என்று சிலர் கேலி செய்ததாகக் கேள்விப்பட்டேன். செய்யட்டும். இந்த மண்டபத்தில் ஆட்டோமெட்டிக் கார் வைத்திருப்போர் எத்தனை பேர் என்று சற்று முன் கையைத் தூக்கச் சொன்னேன். பதினேழு கைகள் உயர்ந்தன. நம் அப்பாக்கள் காலத்தில் லயத்து வாசலில் சைக்கிள் நின்றது; இன்று பழைய வீராவும் பழைய மைவியும் நிற்கின்றன. சைக்கிள் கெட்டால் நாமே பிரித்துப் பார்த்தோம். கார் கெட்டால் பிறர் சொன்னதை நம்பிச் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். ஆகவேதான் இந்தப் பேச்சு.

நான் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். இயந்திரக் கல்வி எனக்குக் கிடையாது. செக்ரோலும் பால் கணக்கும் எழுதுகிற கை இது. இந்த விஷயத்தில் என்னைத் தள்ளிவிட்டவர் நம் கிளை உறுப்பினர் ஒருவர். அவருடைய சம்மதத்தோடு சொல்லுகிறேன். பெயர் வேண்டாம், உங்களில் பலருக்குத் தெரியும்.

அந்த அண்ணன் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மரம் வெட்டுகிறவர். அண்ணியாருக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் மூன்று நாள் பட்டணத்துக்குப் போய் இரத்தம் சுத்திகரித்து வரவேண்டும். அண்ணனுக்கு இடது முழங்காலில் பழைய காயம்; கிளட்ச் மிதிக்க முடியாது. ஆகவே கடனை உடனை வாங்கி ஒரு பழைய ஆட்டோமெட்டிக் காரை வாங்கினார். ஓராண்டு நன்றாக ஓடியது. பிறகு ஒரு நோய் கண்டது. காலையில் புறப்படும்போது ஒரு குறையும் இல்லை. பட்டணத்தில் நெரிசலில் நின்று இஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், நெம்புகோலை 'டி'யில் போட்டால் கார் உடனே பிடிக்காது; ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் 'தடக்' என்று இழுக்கும். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது இஞ்சின் மட்டும் 'ஊ' என்று கத்தும்; வேகம் ஏறாது. மேட்டில் அண்ணியாரை வைத்துக்கொண்டு ஏறுவதற்கு அவருக்குப் பயம் வந்துவிட்டது.

பட்டணத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டு போனார். பட்டறைக்காரர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். "கியர்பாக்ஸ் ஹபிஸ். ஹாஃப்கட் பெட்டி ஒன்று போட வேண்டும். 4,800 வெள்ளி" என்றார். பத்து நிமிடத்தில் முடிந்தது வைத்தியம்! 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியைக் கொண்டு கணக்குப் பார்த்தால், ஏறக்குறைய மூன்று மாத உழைப்பு.

அண்ணன் நேரே என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு கடன் மனு எழுதிக் கொடு" என்றார். நான் பேனாவை எடுத்துவிட்டு, "எதைச் சோதித்துச் சொன்னார் அண்ணே?" என்று கேட்டேன். "ஓட்டிப் பார்த்தாரப்பா. அவ்வளவுதான்" என்றார். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

தோழர்களே! நம் பாலை நிறுக்கும்போது தராசு நம் கண்முன் இருக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் நாம். பாலில் எத்தனை பங்கு கட்டி ரப்பர் என்பதை மெட்ரோலாக் வைத்துப் பார்க்காமல், வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்றைக்குப் பால் தண்ணீர்" என்று ஒருவர் எழுதினால் ஒப்புவோமா? கியர்ப்பெட்டிக்கும் தராசு உண்டு, மெட்ரோலாக் உண்டு. அவை இன்னவை என்று தெரியாததால்தான் நாம் கேட்பதில்லை.

அந்த இரும்புப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கைக்கியர் காரில் பல்சக்கரங்களை மாற்றுவது நம் கையும் காலும். ஆட்டோமெட்டிக்கில் அந்த வேலையை எண்ணெய் செய்கிறது. இஞ்சின் சுழலும்போது பெட்டிக்குள் ஒரு பம்பு சுழன்று எண்ணெயை அழுத்தத்தோடு தள்ளுகிறது. உள்ளே பல கிளட்ச் அடுக்குகள் இருக்கின்றன. எந்த அடுக்கின் மீது எண்ணெய் அழுந்துகிறதோ அந்த அடுக்கு இறுகுகிறது. அதற்குரிய கியர் பிடிக்கிறது. பெருந்தொகையாக விற்பனைக்கு வந்த முதல் ஆட்டோமெட்டிக் பெட்டி, 1939-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1940-ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் காருக்காகக் கொண்டுவந்த ஹைட்ராமெட்டிக். அன்று முதல் இன்றுவரை இந்த அடிப்படை மாறவில்லை.

எண்ணெய் எந்த அடுக்குக்குப் போவது, எவ்வளவு அழுத்தத்தில் போவது, எப்போது போவது? இதை நடத்துகிற மேஸ்திரிதான் வால்வ் பாடி. அது ஓர் அலுமினியப் பலகை. கறையான் புற்றைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்குமோ அப்படி அதற்குள் வளைந்து வளைந்து கால்வாய்கள் ஓடும். கால்வாய்களுக்குக் குறுக்கே விரல் பருமனில் நீண்ட துளைகள். ஒவ்வொரு துளையிலும் நூல் சுற்றும் உருளை போன்ற ஒரு வால்வு. உருளையின் தடித்த பகுதி ஒரு வாயிலை மூடும். மெலிந்த பகுதி எண்ணெய்க்கு வழிவிடும். ஒரு முனையில் சுருள்வில், மறுமுனையில் எண்ணெய் அழுத்தம். இரண்டும் தள்ளிக்கொள்ளும் இடத்தில் வால்வு நிற்கும். இன்றைய கார்களில் அந்த முனை அழுத்தத்தைச் சொலினாய்டு என்னும் மின்காந்த வால்வுகள் ஆளுகின்றன. அவற்றுக்குக் கம்ப்யூட்டர் கட்டளை இடுகிறது.

ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். இந்த வால்வுக்கும் துளைக்கும் இடையே ரப்பர் வளையம் கிடையாது. உலோகமும் உலோகமும் ஒட்டிப் பொருந்தியிருப்பதுதான் எண்ணெயைக் கசியாமல் நிறுத்துகிறது. அந்த இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரமாக வகுத்தால் ஒன்றிரண்டு பங்குதான். தலைமயிரை விடச் சிறியது. அது சற்றே அகன்றாலும் எண்ணெய் பக்கவாட்டில் ஒழுகிப் போகும். வால்வு சரியாக நின்றும் பயனில்லை.

எப்படி அகலுகிறது? உளியைத் தீட்டத் தீட்டத் தீட்டுக்கல் நடுவில் குழிவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். அதுபோலத்தான். வால்வு பெரும்பாலும் மேற்பூச்சினால் கடினமாக்கப்பட்ட அலுமினியம். துளையோ வார்த்தெடுத்த மெல்லிய அலுமினியம். ஆகவே வால்வை எடுத்துப் பார்த்தால் புதிது போல மின்னும். தேய்ந்தது துளையாக இருக்கும். வால்வை மட்டும் பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறதே" என்று திரும்பப் போட்டுவிடுகிற பட்டறைகள் உண்டு. எண்ணெயில் மிதக்கும் கிளட்ச் தூளும் உலோகப் பொடியும் அரைக்கும் மணலாக வேலை செய்கின்றன. எண்ணெயே மாற்றாமல் பதினைந்து ஆண்டு ஓட்டிய காரில் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? அண்ணனின் காரைச் செய்த கம்பெனியின் பெயரை நான் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் எண்ணெய் மாற்றினாலும் தேய்கிற இடங்கள் சில உண்டு. இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அந்த வண்டிகள் அரிது, எனினும் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 1990-களில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிக்கப் வண்டிகளில் 4எல்60-இ என்ற பெட்டியைப் பொருத்தியது. இஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் என்ற எண்ணெய்ச் சக்கரம் இருக்கிறது. சீரான வேகத்தில் ஓடும்போது அதற்குள் இருக்கும் ஒரு கிளட்ச் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டு மெத்தென விழ வேண்டும் என்பதற்காக 1995-ஆம் ஆண்டு மாடலில், நொடிக்கு 32 முறை துடிக்கிற ஒரு சொலினாய்டை வைத்தார்கள். கணக்குப் பிள்ளையாகிய நான் பெருக்கிப் பார்த்தேன்: ஒரு மணி நேரத்துக்கு 1,15,200 துடிப்பு! அந்தத் துடிப்புக்கு ஈடுகொடுத்து நடுங்கிய வால்வு, மெல்லிய அலுமினியத் துளையை உள்ளிருந்தே தேய்த்துவிட்டது. பூட்டு வழுக்கியது, கம்ப்யூட்டர் பி1870 என்ற குற்ற எண்ணைப் பதிந்தது. அந்த எண்ணுக்குப் பொருள் 'பெட்டியில் ஏதோ வழுக்குகிறது' என்பது மட்டுமே. எத்தனையோ பட்டறைகள் கன்வர்ட்டரை மாற்றின, பெட்டியையே பிரித்துக் கட்டின. பழைய வால்வ் பாடியையே திரும்பப் பூட்டியதால் அதே எண் திரும்பி வந்தது. விரல் பருமனுள்ள ஒரு துளையைச் சரி செய்த பிறகுதான் நோய் தீர்ந்தது.

இனி, நம் வாசலில் நிற்கும் காருக்கு வருவோம். பட்டறைக்குப் போகுமுன் நாமே பார்க்கக்கூடியவை சில உண்டு. காசு செலவில்லை.

முதலில் எண்ணெய். அளவுகோல் உள்ள பெட்டியாக இருந்தால், பெரும்பாலானவற்றில் இஞ்சின் சூடாகி, ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். ஹோண்டா மட்டும் வேறு வழக்கம்: அணைத்து ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்கச் சொல்லுகிறார்கள். நெம்புகோல் 'பி'யிலா 'என்'னிலா என்பது காருக்குக் கார் மாறும். காரோடு வந்த கையேட்டில் இருக்கிறது. குறைவான எண்ணெயே பாதி நோய்களை நடித்துக் காட்டும் என்பதால் இதைத் தாண்டி எதையும் நம்பாதீர்கள். ஒரு வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சிவப்பாகவோ இலேசான பழுப்பாகவோ இருந்தால் பயமில்லை. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் கருகியிருக்கிறது. அப்போது பட்டறைக்காரர் சொல்வது உண்மையாக இருக்கலாம்.

அடுத்தது, சூட்டுக் கணக்கு. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் நம் தோட்டப் பட்டறையில் இருந்து ஓய்வுபெற்ற பிட்டர் மாமா. "காலையில் கெட்டு மதியம் சரியாகிறதா, காலையில் சரியாக இருந்து மதியம் கெடுகிறதா என்று கேள்" என்பார். எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது தடிப்பு. தேய்ந்த துளை வழியாக அவ்வளவாக ஒழுகாது. சூடேறி நீர்த்துவிட்டால் ஒழுக்கு அதிகமாகும். ஆகவே, குளிரில் நன்றாக இருந்து சூட்டில் தாமதிக்கும் பெட்டியில் ஒழுக்கைச் சந்தேகிக்க வேண்டும். வால்வ் பாடி அதில் முதல் சந்தேகம். இதற்கு மாறாகக் காலைக் குளிரில் பிடிக்காமல், பத்து நிமிடம் ஓடியபின் சரியாகிறதென்றால், கிளட்ச்சின் உள்ளே இருக்கும் ரப்பர் முத்திரைகள் இறுகிக் கட்டிப்பால் போல ஆகிவிட்டன என்று பெரும்பாலும் கொள்ளலாம். ரப்பரைப் பற்றி நமக்கா சொல்ல வேண்டும்! ஆனால் இது சாட்சியே தவிரத் தீர்ப்பல்ல. ஆகவே வண்டியோடு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்த நேரம், எத்தனை மைல் ஓடியபின், எந்தக் கியரில், எவ்வளவு வேகத்தில் என்று எழுதுங்கள். மணிக்கு 60, 70 கிலோமீட்டரில் மிதியை அசைக்காமல் போகும்போது மரக்கட்டைப் பாலத்தின்மேல் ஓடுவதுபோல் நடுங்குகிறதா? அது கன்வர்ட்டர் பூட்டின் நடுக்கமாக இருக்கலாம். தவறான எண்ணெய் ஊற்றினாலும் வரும். ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் எண்ணெய் உண்டு. 'எல்லாவற்றுக்கும் ஒன்றே' என்று டப்பாவில் எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை.

பழைய காரில் மிதியிலிருந்து கியர்ப்பெட்டிக்கு ஒரு கம்பி போகும். அந்தக் கம்பி தளர்ந்திருந்தாலும் இழுத்துக் கட்டப்பட்டிருந்தாலும் கியர் மாறுவது கெடும். அதைத் திருத்த ஒரு ஸ்பேனர் போதும்.

இப்போது பட்டறை. இங்கேதான் தராசைக் கேட்க வேண்டும்.

கம்ப்யூட்டர் சோதனை எல்லா இடத்திலும் செய்வார்கள். பி0741 என்றால் கன்வர்ட்டர் பூட்டு விழவில்லை. பி0731 முதல் பி0735 வரை என்றால் அந்தந்தக் கியரில் சுற்றுக் கணக்கு ஒத்துவரவில்லை. குற்ற எண் எங்கே வலிக்கிறது என்று சொல்லும். ஏன் வலிக்கிறது என்று சொல்லாது. பி0741 வந்தவுடன் சொலினாய்டை மாற்றிப் பில் போடுவது வழக்கமாகிவிட்டது. சொலினாய்டின் மின்தடையை அளந்து கையேட்டோடு ஒப்பிட்டீர்களா என்று கேளுங்கள். மின்சாரம் சரியாக இருந்து வழுக்கல் தொடர்ந்தால், குற்றவாளி அது ஆட்டும் வால்வின் துளையாக இருக்கலாம்.

அழுத்தச் சோதனை அடுத்தது. பல பெட்டிகளின் பக்கத்தில் ஒரு திருகாணித் துளை இருக்கும். அதில் அழுத்தமானியைப் பூட்டி, எண்ணெய் சூடாக இருக்கும்போது 'டி'யிலும் 'ஆர்'இலும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கையேட்டின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். எல்லா நிலையிலும் குறைவு என்றால் பம்பு, வடிகட்டி, அல்லது மூல அழுத்தத்தை ஆளும் வால்வு. ஒரு கியரில் மட்டும் குறைவு என்றால் அந்தக் கிளட்ச்சுக்குப் போகும் வழியில் ஒழுக்கு. லயத்தில் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால், எல்லா வீட்டிலும் இல்லையா, அந்த வீட்டில் மட்டும் இல்லையா என்று முதலில் கேட்கிறோமே, அதே நியாயம்தான். காரை நிறுத்தி வைத்து மிதியை அழுத்திப் பார்க்கும் ஸ்டால் சோதனை என்று ஒன்றும் உண்டு. ஐந்து நொடிக்கு மேல் போனால் பெட்டியே வெந்துவிடும். முன்னால் ஆள் நின்றால் உயிருக்கே ஆபத்து. அதை நீங்கள் செய்யாதீர்கள்.

பிறகு அடித்தட்டைக் கழற்ற வேண்டும். உள்ளே இருக்கும் காந்தத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். வாங்குவதற்கு நமக்கு உரிமை உண்டு; கார் நம்முடையது. சாம்பல் நிறத்தில் களிம்பு போல் மெல்லிய படிவு இருந்தால், ஓடிய பெட்டிக்கு அது இயற்கை. பளபளக்கும் செதில்கள், பித்தளைத் துண்டுகள், கருகிய கிளட்ச் தகட்டின் துணுக்குகள் இருந்தால் உள்ளே எலும்பே முறிந்திருக்கிறது. அந்தப் பெட்டிக்குப் புது வால்வ் பாடி போடுவது வீண் செலவு.

வால்வ் பாடியைக் கீழே இறக்கியதும் காற்றுச் சோதனை செய்யலாம். ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் எண்ணெய் போகும் துளை தெரியும். அதில் முப்பது நாற்பது பவுண்டு அழுத்தத்தில் காற்றை விட்டால், நல்ல கிளட்ச் 'தப்' என்று ஓசையிட்டு இறுகி, காற்றைப் பிடித்து நிறுத்தும். 'புஸ்' என்று ஓடிவிட்டால் முத்திரை போயிற்று. எல்லாக் கிளட்ச்சும் 'தப்' என்று பேசினால், "பெட்டி ஹபிஸ்" என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் இடமில்லை. கிளட்ச் உயிரோடு இருக்கிறது. அதற்குச் சோறு போகவில்லை.

கடைசிச் சோதனைதான் வால்வ் பாடியின் மெட்ரோலாக். வெற்றிடச் சோதனை என்று பெயர். வால்வை அதன் இடத்தில் வைத்துக்கொண்டு, அது மூட வேண்டிய கால்வாயின் வாயில் ஒரு குழாயைப் பொருத்திச் சிறு பம்பினால் காற்றை உறிஞ்சுவார்கள். குழாயின் நுனியை விரலால் அடைத்தபோது முள் 25 அங்குலப் பாதரசத்தில் நிற்கும்படி முதலில் சரிசெய்துகொள்வார்கள். நல்ல துளை அதற்குச் சற்றுக் கீழே பிடித்து நிற்கும். 18-க்குக் கீழே விழுந்தால் தேய்ந்தது என்று வைத்துக்கொள்வது பட்டறைகளில் பொதுவான வழக்கம். இதில் அபிப்பிராயத்துக்கு வேலை இல்லை. முள் ஓர் எண்ணைக் காட்டும், அந்த எண்ணை நோட்டில் எழுதலாம்.

அண்ணனின் கதைக்கு வருகிறேன். ஆட்டோமெட்டிக் பெட்டி மட்டுமே செய்கிற ஒருவரிடம், நாற்பது மைல் தள்ளி, ஒரு ஞாயிறன்று போனோம். முதலில் அவர் எங்களைச் சற்று வேடிக்கையாகத்தான் பார்த்தார். "அழுத்தமானி வைத்திருக்கிறீர்களா?" என்று ஒரு தோட்டக் கிராணி கேட்டால் யார்தான் பார்க்கமாட்டார்கள்! ஆனால் மனிதர் நேர்மையானவர். சூட்டில் அழுத்தம் எல்லா நிலையிலும் குறைவு. காந்தத்தில் சாம்பல் களிம்பு மட்டுமே. கிளட்ச் அத்தனையும் காற்றைப் பிடித்தன. மூல அழுத்த வால்வின் துளையில் குழாயை வைத்தார். முள் 9-இல் நின்றது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார். துளையின் ஒரு பக்கத்தில் நகத்தளவு இடம் கண்ணாடி போல் பளபளத்தது. அந்த நகத்தளவுக்குத்தான் 4,800 வெள்ளி கேட்டார்கள்.

திருத்துகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்கிறவருக்குப் பயன்படும். தேய்ந்த துளையைப் பழையபடி நிரப்ப முடியாது. ரீமர் என்ற வெட்டுக்கருவியால் சீராகச் சற்றுப் பெரிதாக்கி, அந்த அளவுக்குச் செய்த பெரிய வால்வைப் போடுவார்கள். அல்லது ஒரு குழலை உள்ளே செருகுவார்கள். அமெரிக்காவில் சோனாக்ஸ், டிரான்ஸ்கோ போன்ற கம்பெனிகள் பெட்டிக்குப் பெட்டி இதற்கென்றே உருப்படிகள் செய்கின்றன. ரீமரைத் துளைக்கு நேராகப் பிடிக்கும் சட்டம் வேண்டும். கையால், மெதுவாக, வெட்டும் எண்ணெய் விட்டு, ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும். பின்புறமாகச் சுற்றினால் துளையில் கீறல் விழும். நல்ல உளிக்காரர் பட்டையைச் சீவுகிற பொறுமை இதற்கு வேண்டும். மின்சாரத் துரப்பணத்தை எடுத்துக்கொண்டு வருகிறவரைக் கண்டால் வால்வ் பாடியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

வால்வைச் சுத்தம் செய்கிறேன் என்று உப்புத்தாளால் தேய்த்து அதன் விளிம்புகளை மழுங்கடிப்பதும் தவறு. அந்தக் கூர்மை குப்பையை வெட்டித் தள்ளுவதற்காக இருக்கிறது. மழுங்கினால் குப்பை இடுக்கில் சிக்கி வால்வு நின்றுவிடும். சுத்தமான வால்வு, சுத்தமான துளையில், செங்குத்தாகப் பிடித்தால் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும்.

உள்ளே மிளகு போல் சிறு குண்டுகள் இருக்கும். எது எந்தக் குழியில் என்று கழற்றுமுன் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு குண்டு இடம் மாறினால் ஒரு கியர் காணாமற்போகும். குண்டுகள் மோதி மோதி நடுத்தகட்டின் ஓட்டைகளை அகலமாக்கியிருக்கும். அதையும் பார்க்க வேண்டும். ஆணிகள் நீளம் வேறுவேறு. நடுவிலிருந்து வெளிப்புறமாக, கையேடு சொல்லும் மெல்லிய முறுக்கில் பூட்ட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் அலுமினியம் நெளிந்து புது வால்வும் சிக்கும். பஞ்சு பிரியும் துணியை அருகில் கொண்டுவரக் கூடாது. எண்ணெய் குளிரூட்டியைக் கழுவ வேண்டும். கடைசியாகக் கம்ப்யூட்டர் மனத்தில் வைத்திருக்கும் பழைய கணக்கை அழித்து, வண்டி புதிதாகக் கற்றுக்கொள்ளும்படி மெதுவாக ஓட்ட வேண்டும். தேய்ந்த பெட்டிக்கு ஈடுகட்ட அது கூட்டிவைத்திருந்த அழுத்தம் அப்படியே இருந்தால், திருத்திய பெட்டி உதைக்கும். "வேலை சரியில்லை" என்று நாம் சண்டைக்குப் போவோம்.

ஹாஃப்கட் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. நான் அதை முழுக்க வெறுக்கவில்லை. கிளட்ச்சும் பல்சக்கரமும் போன பெட்டிக்கு அதுவே நம் கைக்கு எட்டும் மருந்து. ஆனால் ஜப்பானில் எத்தனை ஆண்டு ஓடி வெட்டப்பட்டது என்று தெரியாத காரின் பெட்டி அது; அதற்குள்ளும் ஒரு வால்வ் பாடி இருக்கிறது, அந்தத் துளைகளும் தேய்கிறவையே. வாங்கத்தான் வேண்டுமென்றால், பூட்டுமுன் அதன் அடித்தட்டையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். 2021 கடைசியில் வந்த புது மைவி போன்ற சி.வி.டி. பெட்டிகளிலும் வால்வ் பாடி உண்டு. ஆனால் அங்கே அழுத்தம் குறைந்தால் பட்டைவார் வழுக்கித் தகட்டையே கீறிவிடும். நோய் கண்ட அன்றே நிறுத்திவிட வேண்டும்.

சொல்லப்போனால் எந்தப் பெட்டியிலும் நாள் கடத்தக் கூடாது. ஒழுக்கினால் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த கிளட்ச் வழுக்குகிறது. வழுக்கும் கிளட்ச் கருகுகிறது. சூட்டில் தாமதிக்கும் காரை "போகிறவரை போகட்டும்" என்று இரண்டு மூன்று மாதம் ஓட்டினால், பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொன்ன அந்தப் பட்டறைக்காரரின் வாக்கு மெய்யாகிவிடும்.

பில்லைப் பற்றிச் சில தோழர்கள் முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். சோதனை எண்களைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்: அழுத்தம் இவ்வளவு, வெற்றிடம் இவ்வளவு, மாற்றிய உருப்படி இது, பழைய உருப்படி திருப்பித் தரப்பட்டது. வாய்ப்பேச்சைக் கொண்டு வழக்காட முடியாது. செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியிருந்தால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அங்கே அனுமதி இல்லை, இரு தரப்புக்குமே! மூன்று ஆண்டுக்குள் மனுப் போட்டுவிட வேண்டும். மலாயில் எழுதத் தயங்குகிறவர்கள் என்னிடம் வாருங்கள். மனு எழுதுவது என் வேலை.

அண்ணனுக்கு எல்லாம் சேர்த்து, எண்ணெயும் உட்பட, 1,350 வெள்ளி ஆயிற்று. கடன் மனு எழுதவில்லை; சீட்டுப் பணத்தில் சமாளித்தார். தேய்ந்த பழைய வால்வை அவர் ஒரு பால் மங்கில் போட்டு வைத்திருக்கிறார். இன்று கொண்டு வந்திருக்கிறார். அதோ மேசைமேல் இருக்கிறது. தேநீர் வேளையில் எல்லோரும் கையில் எடுத்துப் பாருங்கள். பளபளவென்று புதிது போலத்தான் இருக்கும். அந்த நோட்டுப் புத்தகமும் பக்கத்தில் இருக்கிறது. பட்டறையில் எழுதிய எண்கள் நான்காம் பக்கத்தில் உள்ளன. பதினேழு பேரும் உங்கள் காரின் கையேட்டை அடுத்த ஞாயிறு எடுத்து வாருங்கள். எண்ணெயின் பெயரும் அளவு பார்க்கும் முறையும் எழுதியிருக்கும் பக்கத்தைத் தேடி, ஒவ்வொருவருக்கும் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.